ஒழுகல், ஆட்டம், தொய்வு: மலைவீட்டு மரச் சாய்ப்பில் பழுது கண்டுபிடித்துச் சரிசெய்யும் வழி

நீலகிரியில் வீட்டின் முன்னாலோ பின்னாலோ சுவரை ஒட்டி மரச் சாய்ப்பு இறக்கியிருப்பது வழக்கம். விறகு அடுக்க, துணி காயப்போட, மழை நாளில் நாற்காலி போட்டு உட்கார என்று ஏதாவது ஒன்றுக்கு அது வேண்டியிருக்கிறது. ஒரு பக்கம் வீட்டுச் சுவரிலும் மறுபக்கம் தூண்களிலும் நிற்கும் கூரை, அவ்வளவுதான். ஆனால் வீடு கல்லும் செங்கல்லும், சாய்ப்பு மரம். ஈரத்தில் மரம் உப்பும், வெயிலில் சுருங்கும். சுவர் அப்படியே நிற்கும். வரும் பழுதுகளில் பாதிக்கு மேல் இந்த இரண்டும் சேரும் இடத்தில்தான் தொடங்குகின்றன. ஆனால் அவை கண்ணுக்குத் தெரிவது வேறு இடத்தில். சொட்டும் இடத்தில் எம்-சீல் அப்பி ஒவ்வொரு வருடமும் ஏமாறுவதற்குக் காரணம் இதுதான்.

கீழே வரும் பெயர்களை முதலில் சொல்லிவிடுகிறேன். சுவரில் படுக்கையாகப் பொருத்திய மரம் சுவர்ச் சட்டம். அதிலிருந்து இறங்கி வருவது கைமரம். கைமரத்தின் மேல் குறுக்கே ஓடுவது ரீப்பர். முன்பக்கத் தூண்களின் மேல் கிடப்பது உத்தரம்.

வேலைக்கு முன் ஒரு எச்சரிக்கை. பாசி பிடித்த ஈர ஷீட்டில் ஏறாதீர்கள். ஏறியே ஆக வேண்டுமென்றால் காய்ந்த நாளில், கைமரத்துக்கு நேர் மேலே பலகை போட்டு ஏறுங்கள். பழைய ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் என்றால் காலே வைக்க வேண்டாம். அது சொல்லாமல் உடையும், அறுத்தாலும் துளைத்தாலும் கிளம்பும் தூசு நுரையீரலைக் கெடுக்கும். சாய்ப்புக்குள் விளக்கு இருந்தால் அந்த லைனின் மெயினை அணைத்துவிட்டுத் தொடங்குங்கள்.

மழை பெய்யும்போது சுவரோரமாக ஒழுகுகிறது

அதிகம் வரும் புகார் இதுதான். சுவரில் மேலிருந்து கீழாகப் பழுப்புக் கோடு, சுவர்ச் சட்டம் கறுத்திருக்கும், மழை விட்ட பிறகும் அரை மணி நேரம் சொட்டிக்கொண்டிருக்கும்.

முதலில் தண்ணீர் எங்கே நுழைகிறது என்று பாருங்கள். மழை இல்லாத நாளில் தோட்டத்து ஹோஸ் பைப்பை எடுத்துக்கொள்ளுங்கள். ஒருவர் மேலே, ஒருவர் உள்ளே. கூரையின் கீழ் ஓரத்தில் தொடங்கி, ஒவ்வொரு பகுதியிலும் பத்துப் பதினைந்து நிமிடம் நனைத்தபடி மெதுவாக மேலே நகருங்கள். எடுத்த எடுப்பில் உச்சியில் தண்ணீர் விட்டால் எல்லா வழியிலும் ஒரே நேரத்தில் இறங்கும், ஒன்றும் புரியாது. சுவர்–கூரை இணைப்புக்குக் கீழே வரை நனைத்தும் சொட்டவில்லை, இணைப்பை நனைத்ததும் சொட்டுகிறது என்றால் குற்றவாளி அந்த இணைப்பு. இணைப்பு வரைக்கும் நனைத்தும் சொட்டாமல் இருந்து, அதற்கு மேலே வெறும் சுவரை நனைக்கும்போது சொட்டினால் சாய்ப்பில் குறை இல்லை. வீட்டுச் சுவரின் பூச்சு விரிந்திருக்கிறது, அல்லது மேல் ஜன்னலின் அடிவிளிம்பு வழியாகத் தண்ணீர் உள்ளே போகிறது. இதைப் பார்க்காமல் சாய்ப்பையே பிரித்துப் போட்டவர்கள் உண்டு.

இணைப்பில் சிமெண்ட் குழைத்துச் சாய்வாகப் பூசியிருந்தால் அதைத் தட்டி எடுத்துவிடுங்கள். ஷீட் தினமும் விரிந்து சுருங்கும், சிமெண்ட் அதற்கு ஈடுகொடுக்காது. முதல் வெயிலிலேயே முடி அளவு விரிசல் விடும், அந்த விரிசல் தண்ணீரை உறிஞ்சி உள்ளே கொண்டுபோகும். அங்கே வேண்டியது மடக்கிய தகடு. பெயிண்ட் அடித்த ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) அல்லது அலுமினியத் தகட்டை எடுத்து, சுவரில் ஆறு அங்குலம் ஏறவும் ஷீட்டின் மேல் ஆறு அங்குலம் படுக்கவும் மடக்குங்கள். சுவரில் கட்டிங் மெஷினால் ஒரு அங்குல ஆழத்துக்குக் காடி (நீளப் பள்ளம்) வெட்டி, தகட்டின் மேல் விளிம்பை அந்தக் காடிக்குள் மடக்கிச் செருக வேண்டும். சுவரின் மேல் தகட்டை வைத்து ஆணி அடித்து சிலிகான் பூசினால் போதாது. பூச்சின் பின்னால் இறங்கும் தண்ணீரை அது தடுக்காது. காடிக்குள் தகடு உட்கார்ந்த பின் பாலியூரித்தேன் சீலன்ட்டால் அடையுங்கள். கருங்கல் சுவரில் நேர்கோடாகக் காடி வெட்ட முடியாது. அங்கே கல் இணைப்புகளைப் பின்பற்றிப் படிப்படியாகத் தகடு வைப்பதுதான் வழி. நேரம் பிடிக்கும், ஆனால் அவசரப்பட வேண்டாம்.

இன்னொன்று. தகடு ஒரே துண்டாக இருந்து, சுவரிலும் கூரையிலும் இறுக்கமாகத் திருகியிருந்தால் கூரை அசையும்போது கிழியும். இரண்டு துண்டாகச் செய்வது நல்லது. சுவர்த் துண்டு மேலிருந்து இறங்கி, கூரைத் துண்டின் ஏறு பகுதியை மூடியபடி தொங்கும். இரண்டையும் சேர்த்துத் திருக வேண்டாம்.

மழையே இல்லை, விடியற்காலையில் சொட்டுகிறது

டிசம்பர் முதல் பிப்ரவரி வரை ஊட்டியிலும் குன்னூரிலும் பலரைக் குழப்பும் விஷயம் இது. இரவு வானம் தெளிவாக இருந்தால் தகர ஷீட் தன் சூட்டை வானத்துக்கு இழந்து, சுற்றியுள்ள காற்றைவிடவும் குளிர்ந்துவிடும். உறைபனி விழும் இரவுகளில் இது அதிகம். சாய்ப்புக்குள் இருக்கும் ஈரக் காற்று ஷீட்டின் அடியில் பட்டு நீராகிறது. துளி சேர்ந்து ரீப்பர் வரை ஓடி, அங்கே தடைபட்டுச் சொட்டுகிறது. கீழே நிற்பவருக்கு ஒழுகல் போலவே தெரியும்.

கண்டுபிடிப்பது சுலபம். ஆறு மணிக்கு ஒரு காய்ந்த துணியால் ஷீட்டின் அடிப்பக்கத்தைத் துடைத்துப் பாருங்கள். எங்கே தொட்டாலும் ஈரம் என்றால் அது வியர்வை. ஒரு கோடாகவோ ஒரு புள்ளியிலோ மட்டும் ஈரம் என்றால் அது கசிவு.

வியர்வைக்கு சீலன்ட் வேலை செய்யாது. ஈரம் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். பச்சை விறகு அடுக்கியிருக்கிறதா, ஈரத் துணி இரவு முழுக்கத் தொங்குகிறதா, குளியலறை ஜன்னலிலிருந்து வெந்நீர் ஆவி நேராகச் சாய்ப்புக்குள் வருகிறதா? குளிருக்குப் பயந்து மூன்று பக்கமும் ஷீட் அடித்து மூடிய சாய்ப்புகளில்தான் இது மோசமாக இருக்கும். உச்சியில் சுவரோரமும், பக்கவாட்டில் தரையோரமும் இரண்டு மூன்று அங்குலம் காற்று போக இடம் விடுங்கள். அப்படியும் நிற்கவில்லை என்றால் ரீப்பருக்கும் ஷீட்டுக்கும் நடுவில் வெள்ளி நிறத் தாள் ஒட்டிய ஃபோம் விரிப்பு போட வேண்டும். ஷீட் மாற்றும்போதே இதைப் போட்டுவிட்டால் கூலி மிச்சம்.

சுவரிலிருந்து தள்ளி, நடுவில் ஒழுகுகிறது

சொட்டும் இடத்துக்கு நேர் மேலே தேடாதீர்கள். நுழைந்த தண்ணீர் ரீப்பர் வழியாகப் பக்கவாட்டிலும் கைமரத்தின் வழியாகக் கீழேயும் ஓடும். சொட்டிலிருந்து வாட்டத்தின் (கூரைச் சரிவின்) மேல் திசையில், மரத்தில் கறை தொடங்கும் இடம் வரை போங்கள்.

ஷீட் கூரை என்றால் முதல் சந்தேகம் ஸ்க்ரூ. நெளி ஷீட்டில் ஸ்க்ரூ மேட்டில் இருக்க வேண்டும், பள்ளத்தில் இருந்தால் ஓடும் தண்ணீரிலேயே துளை போட்டதாக அர்த்தம். மேட்டில் இருந்தும் ஒழுகினால் ரப்பர் வாஷரைப் பாருங்கள். அதிகம் முறுக்கி நசுங்கி வெளியே பிதுங்கியிருக்கும், அல்லது வெயிலில் வெடித்திருக்கும். அதைக் கழற்றி, ஒரு அளவு தடித்த ஸ்க்ரூவைப் புது வாஷருடன் போடுங்கள். வாஷர் ஷீட்டோடு படிந்து, லேசாக அமுங்கினால் போதும்.

அடுத்தது ஷீட்டுகள் ஒன்றின் மேல் ஒன்று படும் இடம். மேல்–கீழ் ஏற்றம் ஆறு அங்குலத்துக்குக் குறையக் கூடாது, வாட்டம் குறைந்த கூரையில் எட்டு ஒன்பது அங்குலம் வேண்டும். பக்கவாட்டு ஏற்றத்தில் காற்றின் திசை முக்கியம். கூடலூர், பந்தலூர், தேவாலாவில் பெருமழை ஜூன் முதல் செப்டம்பர் வரை மேற்கிலிருந்து அடிக்கிறது. குன்னூர், கோத்தகிரியில் கனமழை பெரும்பாலும் அக்டோபர் முதல் டிசம்பர் வரை கிழக்கிலிருந்து வருகிறது. மேல் ஷீட்டின் திறந்த விளிம்பு மழைக்காற்றுக்கு முதுகு காட்ட வேண்டும். அதனால் கூடலூரில் ஷீட் போட்டுப் பழகிய கை குன்னூரில் திசை மாற்றிப் போட வேண்டும். மாற்றாமல் போட்ட கூரை சாதாரண மழையில் காய்ந்திருக்கும், காற்றோடு வரும் மழையில் மட்டும் ஒழுகும். உங்கள் சாய்ப்பு அப்படி நடந்துகொண்டால் முதலில் இதைப் பாருங்கள்.

மங்களூர் ஓடு போட்ட சாய்ப்பில் பெரும்பாலும் குறை வாட்டத்தில்தான். வீட்டின் கூரை விளிம்பு தாழ்வாக இருப்பதால் சாய்ப்பைத் தட்டையாக இறக்கிவிடுகிறார்கள். ஓட்டுக்கு இரண்டு அடி நீளத்துக்கு ஒரு அடி இறக்கமாவது வேண்டும். அதற்குக் குறைந்தால் காற்று, தண்ணீரை ஓட்டின் இணைப்புக்குள் மேல்நோக்கித் தள்ளும். எத்தனை ஓடு மாற்றினாலும் இது நிற்காது. வாட்டத்தைக் கூட்ட இடமில்லை என்றால் ஓட்டை இறக்கிவிட்டு ஷீட் போடுங்கள். ஷீட்டுக்குப் பத்து அடிக்கு ஒரு அடி இறக்கம் குறைந்தபட்சம், இரண்டு அடி இருந்தால் நிம்மதி. பார்க்க அழகாக இருக்கிறதே என்று ஓட்டை விட மனம் வராது, எனக்கும் ஓடுதான் பிடிக்கும். ஆனாலும் தட்டைக் கூரையில் ஓடு மரத்தைக் கெடுக்கும். வாட்டம் சரியாக இருந்தும் திடீரென்று ஒழுகினால் குரங்குகள் ஓட்டை நகர்த்தியிருக்கும். ஓர வரிசை ஓடுகளை ஆணியோ கம்பியோ போட்டுக் கட்டிவிடுங்கள்.

சுவர்ச் சட்டம் சுவரை விட்டு விலகுகிறது

இது மற்றவற்றைப் போல அடுத்த மழைக்குத் தள்ளிப்போடக் கூடிய பழுது இல்லை. சட்டத்துக்கும் சுவருக்கும் இடையில் புதிதாக இடைவெளி தெரிந்தாலோ, போல்ட்டைச் சுற்றிப் பூச்சு உதிர்ந்தாலோ அன்றே கைமரங்களுக்குக் கீழே முட்டுக் கொடுங்கள். சவுக்குக் கம்பு, அடியில் பலகை, இரண்டு ஆப்பு. அதன் பிறகு யோசிக்கலாம்.

அப்புறம் ஸ்பேனரைப் போட்டு நட்டைத் திருகிப் பாருங்கள். "திருகத் திருகச் சுத்திக்கிட்டே இருக்குங்கண்ணா" என்று மேலே இருக்கும் பையன் சொன்னால், ஆங்கர் போல்ட் சுவருக்குள் பிடிக்கவில்லை. அதே துளையில் பெரிய ஆங்கரை அடிக்கச் சொல்லும் முன், சுவர் என்ன சுவர் என்று தெரிந்துகொள்ளுங்கள். பூச்சைக் கொஞ்சம் உடைத்துப் பாருங்கள்.

எஸ்டேட் லைன் வீடுகள், பழைய பங்களாக்களில் சுவர் பல நேரம் சுண்ணாம்புக் காரையிலோ மண்ணிலோ கட்டியிருக்கும். விரிந்து பிடிக்கும் ஆங்கர் அங்கே கல்லைத் தள்ளி இணைப்பை இளக்கத்தான் செய்யும். ஹாலோ பிளாக் சுவரில் ஆங்கருக்குக் கிடைப்பது ஒரு அங்குலச் சொச்சம் கனமுள்ள தோல் மட்டும். நல்ல சிமெண்டில் கட்டிய கெட்டிச் செங்கல் சுவர் அல்லது கான்கிரீட் பீம் என்றால்தான் கெமிக்கல் ஆங்கர் (துளைக்குள் பசை விட்டுக் கம்பியை ஒட்டுவது) வைத்து 12 மி.மீ. கம்பியை இரண்டு அடிக்கு ஒன்றாக, மேலும் கீழும் மாற்றி மாற்றிப் போடலாம். துளையிட்ட தூசியை ஊதி, பிரஷ் போட்டு, மறுபடி ஊதி எடுக்காமல் பசையை விட்டால் அது தூசியோடு ஒட்டும், சுவரோடு ஒட்டாது.

மண்சுவருக்கும் பழைய சுவருக்கும் நான் சொல்வது ஒன்றே. சுவரில் பாரம் வைக்காதீர்கள். சுவரை ஒட்டியே இரண்டு மூன்று தூண்கள் நட்டு, அவற்றின் மேல் ஒரு உத்தரம் போட்டு, கைமரங்களை அதில் உட்கார வையுங்கள். சாய்ப்பு சொந்தக் காலில் நிற்கும். நான்கு புறமும் தூண் என்றாகிவிட்டதால் மூலைகளில் குறுக்குச் சட்டம் கொடுத்து ஆடாமல் பிணைக்க வேண்டும். சுவரோடு சேர்வது முன்பு சொன்ன இரண்டு துண்டுத் தகடு மட்டும். மூன்று தூணின் செலவு கூடுதலாகும், ஆனால் நூறு வருடச் சுவரில் துளை போட்டு இளக்குவதைவிட இது எவ்வளவோ மேல்.

சட்டத்தைச் சுவரில் மாட்டத்தான் போகிறீர்கள் என்றால், ஒவ்வொரு போல்ட்டிலும் மரத்துக்கும் சுவருக்கும் நடுவே அரை அங்குலத்துக்குத் தடித்த வாஷர் அடுக்கி இடைவெளி விடுங்கள். சுவரோடு ஒட்டிய மரம் மழைக்காலம் முழுக்கக் காயாமல் பின்பக்கமாக உளுக்கும், முன்னாலிருந்து பார்த்தால் தெரியாது.

காற்றடித்தால் தடதடக்கிறது

சத்தம் வருவது ஆணி இளகியதன் அடையாளம். முன்பக்கம் திறந்த கூரையின் கீழே புகும் காற்று கூரையை மேலே தூக்கும். கைமரத்தை உத்தரத்தில் வெறும் ஆணியால் அடித்திருந்தால் ஒவ்வொரு காற்றிலும் ஆணி கொஞ்சம் கொஞ்சமாக உருவி வரும். 2018 நவம்பரில் கஜா புயல் கொடைக்கானல் மலை வரை வந்து மரங்களைச் சாய்த்ததை அங்குள்ளவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். ஒவ்வொரு கைமரமும் உத்தரத்தைச் சந்திக்கும் இடத்தில் ஜி.ஐ. பட்டையை மேலே சுற்றி இரண்டு பக்கமும் ஸ்க்ரூ போடுங்கள். உத்தரத்தைத் தூணோடும், தூணை அடித்தளத்தோடும் அதே மாதிரி பிணைக்க வேண்டும். இந்தச் சங்கிலியில் ஒன்று விட்டாலும் பயனில்லை. ஷீட்டின் ஓர வரிசைகளில் ஸ்க்ரூவை நெருக்கிப் போடுங்கள்.

வெயில் ஏறும்போதும் இறங்கும்போதும் மட்டும் டக் டக் என்று கேட்டால் அது ஷீட் விரிவது. பாலிகார்பனேட்டில் அதிகம் கேட்கும். ஸ்க்ரூ துளையைக் கொஞ்சம் பெரிதாக்கி, அகலமான வாஷர் போட்டால் குறையும்.

தூணின் அடி மெத்தென்றிருக்கிறது

ஸ்க்ரூ டிரைவரைத் தரைமட்டத்தில் தூணில் குத்துங்கள். அரை அங்குலம் சிரமமில்லாமல் இறங்கினால் உள்ளே உளுத்துவிட்டது. தூணைக் கான்கிரீட்டுக்குள் புதைத்திருந்தால் இது நடந்தே தீரும். மரம் சுருங்கியதும் சுற்றிலும் விழும் இடைவெளியில் தண்ணீர் தேங்கும், வெளியேற வழி இருக்காது. மேலே பெயிண்ட் அடித்தாலும் நிற்காது.

இரண்டு பக்கமும் உத்தரத்துக்கு முட்டுக் கொடுத்து, ஜாக்கியால் பாரம் விடுபடும் அளவுக்கு மட்டும் தூக்குங்கள். அதிகம் தூக்கினால் ஷீட் இணைப்புகள் பிரியும். குத்திப் பார்த்து, கெட்டி மரம் தொடங்கும் இடத்துக்கு மேலே நான்கு அங்குலம் தள்ளி நேராக அறுங்கள். கீழே தரையிலிருந்து ஆறு அங்குலமாவது உயரும் கான்கிரீட் பீடம் கட்டி, அதன் தலையை வெளிப்புறம் சரித்து, ஜி.ஐ. பாதத்தைப் பதியுங்கள். அறுத்த முனையில் மரத்தின் துளைகள் திறந்திருக்கும், தண்ணீரை அதிகம் குடிப்பது அந்த முனைதான். அங்கே இரண்டு மூன்று கை பிட்டுமன் பூசி, பீடத்தைத் தொடாமல் அரை அங்குலம் காற்று விட்டு நிறுத்துங்கள். நம் பழைய வீடுகளில் திண்ணைத் தூணுக்குக் கீழே கல் வைத்தது இதற்காகத்தான்.

தூண் இறங்குகிறது, அல்லது சாய்கிறது

முன்பக்க உத்தரத்தின் இரண்டு முனையிலும் மட்டக்குழாய் (மட்டம் பார்க்கும் தண்ணீர்க் குழாய்) பிடித்து அளந்து, பெயிண்ட்டால் கோடு போட்டு வையுங்கள். ஒரு மழைக்காலம் கழித்து மறுபடி அளந்தால் இறங்குகிறதா, எவ்வளவு என்று தெரியும்.

மலையில் வீட்டுமனை என்பது உள்பக்கம் வெட்டி, அந்த மண்ணை வெளிப்பக்கம் கொட்டிச் சமன்படுத்திய இடம். சாய்ப்பின் தூண்கள் பெரும்பாலும் கொட்டிய மண்ணில்தான் நிற்கும். அதோடு கூரைத் தண்ணீரும் அதே தூணின் காலடியில் விழுந்தால் இறங்காமல் என்ன செய்யும்? முதலில் கூரை ஓரத்தில் கட்டர் (தண்ணீர் பிடிக்கும் அரைக்குழாய்) போட்டு, பைப் வழியாகத் தண்ணீரை வாய்க்காலில் விடுங்கள். சில்வர் ஓக் இலை கட்டரை அடைக்கும், மழைக்கு முன் ஒரு தடவை அள்ளிவிடுங்கள். அதன் பிறகு தூணுக்கு முட்டுக் கொடுத்து, கொட்டிய மண்ணைத் தாண்டிக் கெட்டி மண் வரும் வரை தோண்டி அடித்தளம் போடுங்கள். கோத்தகிரி, கொடைக்கானல் பக்கம் காட்டுமாடு வந்து உடம்பைத் தேய்த்தும் தூண் சாயும். அங்கே மண்ணைக் குறை சொல்ல வேண்டாம்.

தூண் இறங்குவதோடு, மேட்டு விளிம்புக்கு இணையாகத் தரையில் நீளமான விரிசல் தெரிந்தால் வேலையை நிறுத்துங்கள். அது சாய்ப்பின் பழுது இல்லை, மண் நகர்கிறது. 2009 நவம்பர் மழையில் குன்னூர், கோத்தகிரி வட்டாரத்தில் மண் சரிந்து உயிர்கள் போயின. அந்த இடத்தை விட்டு ஆட்கள் விலகி, வருவாய்த் துறைக்கும் ஊராட்சிக்கோ நகராட்சிக்கோ சொல்லுங்கள்.

மரத்தடியில் மாவு கொட்டிக் கிடக்கிறது

தரையில் ஒரு செய்தித்தாளை விரித்து வையுங்கள். சில நாளில் புதிதாக மாவு விழுந்திருந்தால் வண்டு உள்ளே உயிரோடு இருக்கிறது. பழைய துளைகள் மட்டும் இருந்து மாவு விழவில்லை என்றால் விட்டுவிடலாம். சில்வர் ஓக்கில் இது சாதாரணம். 10 லிட்டர் வெந்நீரில் 600 கிராம் போராக்ஸ், 400 கிராம் போரிக் ஆசிட் கரைத்து, பெயிண்ட் இல்லாத மரத்தில் இரண்டு மூன்று கை பூசுங்கள். கையுறை போட்டுக்கொள்ளுங்கள், குழந்தைகளும் நாயும் பக்கத்தில் வர வேண்டாம். மழை படும் மரத்தில் இது கரைந்துபோகும், அதனால் காய்ந்ததும் மேலே எண்ணெய் அல்லது பெயிண்ட் அடிக்க வேண்டும். மண்குழாய் மாதிரி கோடு ஏறியிருந்தால் அது கறையான். அதற்கு மரத்தை மட்டும் பார்த்தால் போதாது, தூணடி மண்ணுக்கும் மருந்து விட வேண்டும்.

கைமரம் தொய்கிறது, முறுக்கிக்கொள்கிறது

சுவரிலிருந்து உத்தரம் வரை நூல் கட்டிப் பாருங்கள். எல்லாக் கைமரமும் ஒரே மாதிரி தொய்ந்திருந்தால் மரம் போதவில்லை. எட்டு அடியைத் தாண்டினால் 2×4 அங்குலத்தை நம்பாதீர்கள், 2×6 போடுங்கள். இருப்பதை மாற்ற முடியாது என்றால் நடுவில் ஒரு குறுக்கு உத்தரம் கொடுத்து இரண்டு தூண் நிறுத்துங்கள். ஒன்றிரண்டு மட்டும் தொய்ந்திருந்தால் அவற்றில் கணுவோ விரிசலோ இருக்கும். பக்கத்தில் இன்னொரு மரத்தை ஒட்ட வைத்து போல்ட் போட்டால் போதும்.

முறுக்கல் வேறு நோய். பச்சை மரத்தில் கட்டியதுதான் காரணம். கற்பூர மரம் (யூகலிப்டஸ்) காயும்போது முறுக்கியும் வெடித்தும் ஆளை அலைக்கழிக்கும், சாய்ப்புக்கு அதைத் தவிர்ப்பது நல்லது. முறுக்கிய கைமரத்தை இழுத்துக் கட்டி நிமிர்த்தப் பார்க்காதீர்கள், அது ஷீட்டையும் சேர்த்து இழுக்கும். மாற்றுங்கள்.

மாற்று மரத்துக்குத் தோட்டத்து சில்வர் ஓக்கையே வெட்டிவிடலாம் என்று நினைப்பது இயல்பு. மலைப்பகுதி மரங்களைப் பாதுகாக்கும் 1955ஆம் ஆண்டுச் சட்டம் சொந்த நிலத்து மரத்துக்கும் பொருந்தும். அனுமதி வாங்கித்தான் வெட்ட வேண்டும். அனுமதிக்கு அலைவதைவிட மரக்கடையில் அறுத்துக் காய்ந்த மரமாகப் பார்த்து வாங்குவது லேசு. வாங்கி வந்ததும் நிழலில், துண்டுக் கட்டை இடைவிட்டு அடுக்கி வையுங்கள். ஒரு அங்குலக் கனத்துக்கு ஒரு வருடம் என்பது பழைய கணக்கு, அவ்வளவு காத்திருக்க முடியாவிட்டாலும் ஒரு கோடையாவது காயட்டும். கட்டி முடித்த பின் முதல் இரண்டு ஆண்டும் பிப்ரவரி, மார்ச்சில் எல்லா நட்டுகளையும் ஒரு சுற்று இறுக்குங்கள். அந்த மாதங்களில்தான் மரம் நன்றாகச் சுருங்கி, நட்டு தளர்ந்திருக்கும்.